எலிமினேஷன் டயட்: பத்தியத்தில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதை வைத்துக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை எப்படி ஓட்டுவது என்பது அந்தத் தாளில் இருக்காது. அதற்காகத்தான் இந்தப் பக்கம். நான் மருத்துவர் இல்லை. இப்படியொரு கடும் பத்தியத்தில் இருந்து மீண்டவள். பிறகு அதே நிலையில் இருக்கும் பலரோடு பேசிவருகிறவள். மருந்து, பரிசோதனை சம்பந்தமான முடிவுகளை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

எலிமினேஷன் டயட் என்றால் என்ன? எவ்வளவு காலம் இருக்க வேண்டும்?

தொந்தரவு தருமோ என்று சந்தேகப்படும் உணவுகளைக் கொஞ்ச காலம் முழுதாக நிறுத்துவது. உடம்பு தேறினால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது உண்மையில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பது. ஆல்பர்ட் ரோ என்ற அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் 1920-களில் இதை ஒரு முறையாக வகுத்தார். இன்று நோய்க்கு நோய் வடிவம் மாறுகிறது. ஐபிஎஸ் என்கிற குடல் கோளாறுக்கு, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த குறை-ஃபோட்மேப் முறை; அதாவது, சரியாக உறிஞ்சப்படாமல் குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில வகை மாவுச்சத்துகளைக் குறைப்பது. இஓஇ என்கிற உணவுக்குழாய் அழற்சிக்கு, பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், மீனும் நண்டு இறாலும் ஆகிய ஆறையும் நிறுத்தும் முறை.

நிறுத்தும் கட்டம் பெரும்பாலும் 2 முதல் 6 வாரம்தான். அதன்பின் திரும்பச் சேர்க்கும் கட்டம். கடைசியில், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாததை மட்டும் தள்ளிவைத்து மற்றதையெல்லாம் சாப்பிடும் நிலை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் இந்த டயட். முதல் கட்டத்தையே முழு டயட் என்று நினைத்து அதிலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அவர்களை நினைத்துத்தான் இதில் பாதியை எழுதியிருக்கிறேன்.

சீலியாக் நோய் (கோதுமை, பார்லி, ரையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) உறுதியானவர்கள் அவற்றை வாழ்நாள் முழுக்க விடுவது வேறு. அது சிகிச்சை. இது ஒரு பரிசோதனை. பரிசோதனைக்கு முடிவுத் தேதி உண்டு.

தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில், சீலியாக் பரிசோதனை. வயிறு சம்பந்தமான தொந்தரவு என்றால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே இந்த ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். குளூட்டன் உடம்பில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அதற்கெதிரான எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் தெரியும். நிறுத்திச் சில மாதங்கள் ஆகிவிட்டால், நோய் இருந்தும் "இல்லை" என்று வரலாம். பிறகு பரிசோதனைக்காகவே குறைந்தது 6 வாரம் தினமும் கோதுமை சாப்பிட வேண்டிவரும். தேறி வந்த உடம்பை மறுபடி வருத்தும் வேலை அது.

இரண்டாவது, எதையும் மாற்றாமல் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், என்ன தொந்தரவு, எந்த நேரம், பத்துக்கு எவ்வளவு. இது இல்லாவிட்டால் பிற்பாடு "தேறியிருக்கிறதா" என்ற கேள்விக்கு ஞாபகத்தை நம்பிப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எடையையும் எழுதிவையுங்கள்.

மூன்றாவது, முடிவுத் தேதியும், அதன்பின் எந்த உணவை முதலில் திரும்பச் சேர்ப்பது என்ற வரிசையும். இரண்டையும் டயட்டீஷியனிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்குங்கள். "முதலில் நிறுத்துங்கள், பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால், இன்னொருவரின் கருத்தைக் கேட்பது நல்லது.

ஆன்லைனில் ரத்தம் கொடுத்து ஐஜிஜி டெஸ்ட் எடுத்தேன். நீளமாக ஒரு உணவுப் பட்டியல் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் விட வேண்டுமா?

வேண்டாம். ஐஜிஜி எதிர்ப்பொருள் நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைக் காட்டுகிறது; ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அல்ல. அமெரிக்கா, ஐரோப்பா, கனடா ஆகிய மூன்று இடங்களின் ஒவ்வாமை மருத்துவர் சங்கங்களும் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்லியிருக்கின்றன. தினமும் சாப்பிடும் பொருள்களே அந்தப் பட்டியலின் மேலே வருவதற்கும் இதுவே காரணம். அதைப் பார்த்துப் பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

தொடங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. தலைவலி மண்டையைப் பிளக்கிறது. கழிவுகள் வெளியேறுவதாகச் சொல்கிறார்களே?

காபி, டீயையும் சேர்த்து நிறுத்தினீர்களா? அப்படியானால் அது காஃபின் நின்றதால் வரும் தலைவலி. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு 9 நாள் வரைகூட நீடிக்கும். சோர்வும் எரிச்சலும் கூடவே வரும். கழிவு வெளியேறுகிறது என்று தாங்கிக்கொண்டிருக்காதீர்கள். காஃபினை நிறுத்தத்தான் வேண்டும் என்றால், டயட் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வது நல்லது. நிறுத்தவே வேண்டுமா என்பதையும் கேளுங்கள். பல பத்தியங்களில் அது கட்டாயமில்லை.

மலச்சிக்கலும் இந்த வாரத்தில் சகஜம். கோதுமை, பருப்பு, பழங்கள் ஒரேயடியாகக் குறைந்தால் நார்ச்சத்தும் குறையும். அனுமதித்த காய்களின் அளவைக் கூட்டுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கிறது. கனவில்கூட வருகிறது. நான் இவ்வளவு பலவீனமானவளா?

இல்லை. பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். எல்லோரும் தாங்களாகவே முன்வந்தவர்கள்; உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சில வாரங்களில் அவர்களுடைய பேச்சு, நினைப்பு, கனவு எல்லாம் உணவாகிப்போனது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் அளைந்து சாப்பிட்டார்கள். எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள்.

உங்கள் பத்தியம் அந்த அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். விலக்க வேண்டியது சில பொருள்களை. சாப்பிடும் அளவை அல்ல. ஆனால் பட்டியலிலிருந்து பாதி போனதும் தட்டில் இருக்கும் அளவும் தன்னால் பாதியாகிவிடுகிறது. காலையில் என்ன சாப்பிடுவது என்று தெரியாமல் விட்டுவிடுவது, வெளியே போனால் எதுவும் கிடைக்காமல் வீடு திரும்பும்வரை காய்வது, இரவில் கண்மூடித்தனமாகப் பசிப்பது. இப்படி இரண்டு வாரம் போனால் சாப்பாட்டு நினைப்பு வராமல் என்ன செய்யும்?

ஆகவே, முதலில் அளவைக் கூட்டுங்கள். அனுமதித்த மாவுச்சத்து எது, அரிசியா உருளைக்கிழங்கா, அதை வயிறு நிறையச் சாப்பிடுங்கள். எண்ணெயைக் கணக்குப் பார்க்காதீர்கள். புரதம் ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். பையில் எப்போதும் ஒரு பொட்டலம் அனுமதித்த தின்பண்டம் இருக்கட்டும். பசி தலைக்கேறிய பிறகு எதைச் சாப்பிடலாம் என்று யோசிக்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுபோகாதீர்கள். இதையெல்லாம் செய்த பிறகும் ஏக்கம் கொஞ்சம் இருக்கும். ஆனால் பசியும் ஏக்கமும் ஒன்றாகக் கூடி வதைப்பது நின்றுவிடும்.

தினமும் ஒரே சாப்பாடு. தட்டைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது.

ஒரே சுவையை, ஒரே பதத்தைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் அதன்மேல் உள்ள விருப்பம் குறைவதும், அதனால் சாப்பிடும் அளவு குறைவதும் ஆய்வுகளில் உறுதியானவை. பொருள்கள் பத்தே இருந்தாலும் அவற்றின் பதத்தை மாற்றலாம். ஒரு காயை ஒரு நாள் வேகவைத்து மசியுங்கள், மறுநாள் மொறுமொறுவென்று வாட்டுங்கள், இன்னொரு நாள் துருவி வதக்குங்கள். சூடாகச் சாப்பிட்டதை ஆறவைத்துச் சாப்பிடுங்கள். புளிப்பும் உப்பும் உறைப்பும் எவ்வளவு அனுமதி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த எல்லை வரை பயன்படுத்துங்கள்.

குறை-ஃபோட்மேப்பில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பூண்டில் தொந்தரவு தரும் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயில் பூண்டுப் பற்களைப் போட்டு வாசனை இறங்கும்வரை சூடாக்கி, பற்களை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் சமைக்கலாம். அவ்வப்போது தேவையான அளவு மட்டும் செய்துகொள்ளுங்கள். பூண்டெண்ணெயை வெளியில் வைத்திருந்தால் ஆபத்தான கிருமி வளரும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் ஆகும். ருசியே இல்லாமல் தவிக்கும் நாக்குக்கு இந்த இரண்டும் பெரிய ஆறுதல்.

வீட்டில் எல்லோருக்கும் ஒன்று, எனக்கு மட்டும் தனியாக ஒன்றா?

தினமும் இரண்டு சமையல் செய்தால் மூன்றாம் வாரம் நீங்கள் படுத்துவிடுவீர்கள். ஒரு வேளையாவது எல்லோரும் உங்கள் பட்டியலில் உள்ளதையே சாப்பிடட்டும். மற்ற வேளைகளில் பொதுவாகச் செய்து, உங்கள் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தில் மற்றவர்களுக்கானதைச் சேருங்கள். கரண்டி, சட்டி தனியாக வேண்டுமா என்பது காரணத்தைப் பொறுத்தது. தீவிர ஒவ்வாமைக்கும் சீலியாக்குக்கும் கட்டாயம் வேண்டும். குறை-ஃபோட்மேப்புக்குக் கழுவிய பாத்திரம் போதும்.

விசேஷங்களுக்குப் போனால் "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்துகிறார்கள். போகாமலே இருந்துவிடலாமா?

போங்கள். இந்தப் பத்தியத்தில் மிகவும் வலிப்பது நாக்கு இல்லை, கூட உட்கார்ந்து சாப்பிட முடியாமல் போவது. அதைத் தவிர்க்க வீட்டுக்குள் அடைந்துகொண்டால், பத்தியம் முடியும்போது உடம்பு தேறியிருக்கும், மனம் வாடியிருக்கும்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உங்கள் டப்பாவையும் எடுத்துப் போங்கள், கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். அழைத்தவரிடம் முந்தைய நாளே சொல்லிவிட்டால், பரிமாறும் நேரத்தில் எல்லோர் முன்னாலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கேட்பவர்களிடம் நோயின் கதையை முழுக்கச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "டாக்டர் ஒரு டெஸ்டுக்காக இன்ன தேதி வரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்" என்று சொன்னால் போதும். தேதியைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் அடங்கிவிடுவார்கள். "எனக்கு இதெல்லாம் ஆகாது" என்று சொன்னால்தான் விவாதம் தொடங்கும்.

நெருங்கியவர்களே நம்ப மறுத்தால் அது வேறு விதமான வேதனை. சோதிக்கிறேன் என்று சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்து. அவர்களை அடுத்த முறை டாக்டரிடம் கூட அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்லி ஏறாதது டாக்டர் சொன்னால் ஏறும்.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

பாலை நிறுத்தியவர்கள் கேசின், வே, பால் திடப்பொருள் ஆகிய பெயர்களைத் தேடுங்கள். லாக்டோஸ் நீக்கிய பால் லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு மட்டுமே. பால் புரதம் அதில் அப்படியே இருக்கிறது. கோதுமையை நிறுத்தியவர்கள் ரவை, மால்ட், சோயா சாஸ் ஆகியவற்றைக் கவனியுங்கள். குறை-ஃபோட்மேப்பில் இன்யூலின், சர்பிடால், மானிடால், தேன்.

மாத்திரைகளையும் மறக்காதீர்கள். பல மாத்திரைகளில் லாக்டோஸ் சேர்ந்திருக்கும், சிலவற்றில் மாவும் இருக்கலாம். அளவு மிகச் சிறியதுதான். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்திவிடாமல் மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

தெரியாமல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டேன். மறுபடி முதலிலிருந்தா?

பெரும்பாலும் இல்லை. குறை-ஃபோட்மேப்பில் ஓரிரு நாள் தொந்தரவு இருக்கும், குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் தொடருங்கள். இஓஇ-க்காக இருப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். எண்டோஸ்கோபி தேதியைத் தள்ளவேண்டியிருக்கலாம். சாப்பிட்டதை மறைக்காதீர்கள். இதில் குற்றம் எதுவும் இல்லை, ஆனால் மறைத்தால் முடிவு பிழையாகும்.

மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மயக்கம் வந்தால் உடனே அவசர சிகிச்சை. காத்திருக்க வேண்டாம்.

ஆறு வாரம் ஆகியும் குறையவில்லை. இன்னும் சிலவற்றை விட்டுப் பார்க்கலாமா?

கூடாது. எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி இது. சரியாகக் கடைப்பிடித்தும் குறையவில்லை என்றால், அந்த உணவுகள் காரணம் இல்லை என்று பரிசோதனை சொல்லிவிட்டது. அவற்றை மறுபடி சாப்பிடத் தொடங்கி, மருத்துவரிடம் போய் வேறு காரணம் தேடுங்கள். நிறுத்தியதைத் திரும்பச் சேர்க்காமலே அடுத்தது, அதற்கடுத்தது என்று விட்டுக்கொண்டே போகிறவர்கள் கடைசியில் ஐந்தாறு பொருளில் வந்து நிற்கிறார்கள். அந்த நிலையில் வரும் சோர்வும் தலைச்சுற்றலும் முடி உதிர்வும் போதாத உணவால் வருபவை. அவையும் நோயின் கணக்கில் எழுதப்பட்டு, இன்னும் ஒரு உணவு போய்விடுகிறது.

அதிகம் விலக்கினால் அதிகப் பலன் என்பதும் சரியில்லை. இஓஇ உள்ள 129 பெரியவர்களிடம் நடந்து 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 6 வாரம் ஆறு வகையையும் நிறுத்தியவர்களில் 40 சதவீதம் பேருக்கு அழற்சி அடங்கியது. பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34 சதவீதம். புள்ளியியல்படி இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒன்றை நிறுத்தியே இவ்வளவு கிடைக்குமென்றால், அங்கிருந்து தொடங்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

இப்போது நன்றாக இருக்கிறேன். திரும்பச் சேர்க்கப் பயமாக இருக்கிறது. இப்படியே இருந்துவிடக் கூடாதா?

வலியில் கிடந்து மீண்டவருக்கு இந்தப் பயம் வராமல் இருக்காது. இருந்தாலும், திரும்பச் சேர்த்தே ஆக வேண்டும். காரணம் சொல்கிறேன்.

நிறுத்திய இருபது பொருளில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது இரண்டோ மூன்றோதான் இருக்கும். எது என்று தெரியாததால் மற்ற எல்லாவற்றையும் வீணாக இழந்துகொண்டிருக்கிறீர்கள். குறை-ஃபோட்மேப் முறை குடலில் உள்ள பிஃபிடோ பாக்டீரியாக்களைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த நல்ல கிருமிகள் வளர்வதே நீங்கள் நிறுத்திய பொருள்களை உண்டுதான். தோல் அழற்சி உள்ள குழந்தைகளிலோ நிலைமை இன்னும் கடுமையாகலாம்: சாப்பிட்டுப் பழகிய உணவை நீண்ட காலம் நிறுத்தியதால் உடம்பின் சகிப்பு போய், மறுபடி கொடுத்தபோது உடனடி ஒவ்வாமை வந்திருக்கிறது.

பயமே அறிகுறியைக் கொண்டுவரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2018-இல் வெளியான நார்வே ஆய்வில், சீலியாக் இல்லாமலே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு, எது எதில் என்று சொல்லாமல் குளூட்டன் சேர்த்தது, ஃப்ரக்டான் சேர்த்தது, எதுவும் சேர்க்காதது என மூன்று வகைத் தின்பண்டம் முறை மாற்றிக் கொடுத்தார்கள். 24 பேருக்கு ஃப்ரக்டானிலும் 13 பேருக்குக் குளூட்டனிலும் தொந்தரவு அதிகமாக இருந்தது. மீதி 22 பேர் மிகவும் அவதிப்பட்டது, எதுவுமே சேர்க்காத தின்பண்டத்தைச் சாப்பிட்டபோதுதான். அவர்களுக்கு வந்த வலி நிஜமான வலி. எதிர்பார்ப்பு குடலையும் நரம்பையும் அந்த அளவுக்கு முறுக்கக்கூடியது. அதனால் ஒரே ஒரு முறை வயிறு வலித்ததை வைத்து ஒரு உணவைத் தள்ளிவிடாதீர்கள். சில வாரம் விட்டு மறுபடி பாருங்கள். முடிந்தால், எந்த நாள் எது கலந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வீட்டில் ஒருவரைச் சமைத்துத் தரச் சொல்லுங்கள், உங்கள் சம்மதத்தோடு. உடனடி ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ளவர்கள் மட்டும் இதை வீட்டில் செய்யக் கூடாது.

எப்படிச் சேர்ப்பது?

குறை-ஃபோட்மேப்பில் ஒரு நேரத்தில் ஒரே பொருள், மூன்று நாள்: முதல் நாள் சிறிதளவு, அடுத்த நாள் கொஞ்சம் கூட, மூன்றாம் நாள் வழக்கமாகச் சாப்பிடும் அளவு. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. அப்புறம் அடுத்த பொருள். மற்றச் சாப்பாடு பழைய பத்தியப்படியே இருக்கட்டும். தூக்கம் கெட்ட வாரம், மாதவிலக்கு நாள்கள், காய்ச்சல் சமயம் வேண்டாம், முடிவு குழம்பும். மிகவும் ஏங்கும் பொருளை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்றே நான் சொல்வேன். அது ஒத்துக்கொண்டுவிட்டால் கிடைக்கும் தெம்பில் மற்றதையும் முடித்துவிடலாம்.

இஓஇ-இல் அறிகுறியை நம்ப முடியாது. எதுவும் தெரியாமலே அழற்சி திரும்பியிருக்கும். எண்டோஸ்கோபி செய்து திசு எடுத்துப் பார்த்துத்தான் முடிவு. உடனடி ஒவ்வாமை வந்த வரலாறு உள்ளவர்கள் மருத்துவமனையில் வைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

சத்து மாத்திரை வேண்டுமா?

சில வாரத்துக்கு எல்லோருக்கும் தேவைப்படாது. பால் போனால் கால்சியம், மாமிசமும் முட்டையும் பாலும் சேர்ந்து போனால் பி12, தானியமும் பருப்பும் குறைந்தால் இரும்பும் நார்ச்சத்தும் குறையும். பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் சேமிப்பில் இருப்பதால் குறைபாடு தாமதமாகவே தெரியும். நீளும் பத்தியத்துக்கு ரத்தப் பரிசோதனை அவசியம்.

கைக்குழந்தைக்காக நான் பாலை விட்டிருக்கிறேன். எத்தனை மாதம்?

முதலில் 2 முதல் 4 வாரம் மட்டும். குழந்தை தேறினால், நீங்கள் மறுபடி பால் சாப்பிட்டுப் பார்த்துத்தான் காரணம் பால் என்று உறுதிசெய்ய வேண்டும். தேறவில்லை என்றால் பாலை விட்டிருக்க அவசியமில்லை. இந்த உறுதிசெய்யும் படியைச் செய்யாமலே ஒரு வருடம் தவிக்கும் தாய்மார்கள் உண்டு. உங்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் வேண்டும். அளவை மருத்துவர் சொல்வார். வளரும் குழந்தையின் உணவிலிருந்து எதையும் நீங்களாக விலக்கக் கூடாது.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

எடை தொடர்ந்து இறங்கினால். சாப்பாட்டைப் பார்த்தாலே நடுக்கம் வந்தால். பட்டியலில் அனுமதித்ததையும் பயந்து விட ஆரம்பித்தால். முன்பு எப்போதாவது உண்ணுதல் கோளாறு இருந்திருந்தால், தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இந்த முறை பொருந்தாமல் போகலாம். பயத்தால் உணவு சுருங்கிக்கொண்டே போவது, அழகுக்காக மெலியும் எண்ணம் எதுவும் இல்லாமலேயே வரக்கூடிய ஒரு நோய். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடம் கொடுத்தது. அதற்குச் சிகிச்சை உண்டு.

எல்லாம் முடிந்தது. இரண்டு உணவு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவற்றை இனி தொடவே கூடாதா?

இஓஇ-யும் உடனடி ஒவ்வாமையும் என்றால் மருத்துவர் சொல்லும்வரை தொடக் கூடாது. ஐபிஎஸ்-இல் பெரும்பாலும் அளவுதான் விஷயம். ஒரு முழு ஆப்பிள் படுத்தினாலும் இரண்டு துண்டு படுத்தாமல் இருக்கலாம். சகிப்பும் காலப்போக்கில் மாறும். சில மாதம் கழித்து, உடம்பு அமைதியாக இருக்கும் ஒரு வாரத்தில், அதே மூன்று நாள் முறையில் சிறிதளவிலிருந்து மறுபடி பாருங்கள்.